கொட்டு நின்ற இடம்

புளியந்தீவில் வாவியோரமாக இருந்த அவருடைய தச்சுப் பட்டறைக்குப் போகிறவர்களுக்கு முதலில் வயிறுதான் அதிரும். காதுக்குச் சத்தம் வந்து சேர்வது அதற்குப் பிறகு. உள்ளே கதவுகளும் யன்னல்களும் ஒன்றிரண்டு சவப்பெட்டிகளும் சுவரில் சாய்ந்திருக்க, நடுவில் ஆள் உயரத்துக்கு நான்கு ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்கும். எல்லாம் அவர் கையால் அறுத்துப் பொருத்தியவை. திருவிழா, கலியாணம், விளையாட்டுப் போட்டி என்று மட்டக்களப்பில் எங்கே சவுண்ட் கட்டினாலும் அந்தப் பெட்டிகளைச் சனங்கள் ஒரு தடவையாவது கண்டிருப்பார்கள்.

அவர் பறங்கியர், போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் இங்கே விட்டுப்போன வழியில் வந்தவர். வீட்டுக்குள் பழைய போர்த்துக்கீசு, வெளியில் எங்களைப்போல மட்டக்களப்புத் தமிழ். தச்சு வேலையும் சவுண்டும் பிழைப்புக்கு. மிச்ச நேரத்தில் தனக்காகப் பாட்டு வேலை பார்ப்பார். "பாட்டுச் செய்றீங்களா அங்கிள்?" என்று கேட்டால் திருத்துவார். "செய்யல்ல புள்ள. எடுக்கிறன்."

அது உண்மைதான். கப்பலில் இயந்திர வேலை பார்த்த மச்சான் ஒருவர் லண்டனிலிருந்து கொண்டுவந்த கசட்டுகளில் அந்தப் பழக்கம் அவரைப் பிடித்தது. டப் என்று அந்த இசைக்குப் பெயர். ஜமேக்காக்காரர்களுடையது. ஒரு ரெகே பாட்டை எடுத்து, பாடுகிறவரின் குரலை நீக்கி, கிற்றாரை நீக்கி, கொட்டு மேளத்தையும் பேஸையும் மட்டும் விட்டுவைத்து, நீக்கிய இடங்களில் எதிரொலியை உலவவிடுவார்கள். அவர் பழைய ஸ்பூல் ஒலிநாடா மெசின் ஒன்றைத் திருத்தி அந்த எதிரொலியைத் தானே உண்டாக்கியிருந்தார். பிறகு லாப்டொப் வந்தும் அந்த மெசினை விடவில்லை.

"அந்தச் சனத்தையும் கப்பலில ஏத்திக்கொண்டுபோய் இறக்கினவனுகள். எங்களுக்குள்ளயும் அப்படி இறக்கின ஆக்கள் இரிக்காங்க. அதான் கேட்ட உடனே விளங்கினது" என்று ஒருமுறை சொன்னார்.

நான் அப்போது வெளிநாட்டு உதவியில் நடந்த ஒரு சிறு நிறுவனத்தில் நிகழ்ச்சி இணைப்பாளர். சுனாமி நினைவு நாளுக்கு ஒரு குரல்பதிவு செய்வதற்காகத்தான் முதலில் அவரிடம் போனேன். நான் எழுதிக்கொண்டு போன முதல் வரி "கொடூரமான, இரக்கமற்ற, அரக்கக் கடல்" என்று தொடங்கியது. வாசித்து முடிக்கும்வரை பொறுத்திருந்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"கடல் எண்டு மட்டும் சொன்னா ஆக்களுக்கு விளங்காதா?"

"உணர்ச்சி வரோணுமே அங்கிள்."

"அண்டைக்குக் கரையில நிண்டவனுக்கு நீயா உணர்ச்சி குடுக்கப் போறாய்?"

மூன்று சொற்களையும் காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்து வெட்டினார். அடுத்த வரியில் இரண்டு. ஒன்றரைப் பக்கம் முக்கால் பக்கமானது. எனக்குக் கோபம்தான். ஆனால் நினைவு நாளில் கல்லடிக் கரையில் அது ஒலித்தபோது அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூட அசையவில்லை.

எதைக் கண்டாலும் அதில் எதை எடுக்கலாம் என்றுதான் பார்ப்பார். அவுஸ்திரேலியாவில் இருந்த தம்பிக்கு அவர் எழுதும் கடிதம் மூன்று வரி. வீட்டில் இருந்த அலுமாரியின் கதவுகளைக் கழற்றிவிட்டார், உள்ளே இருப்பதை மறைக்கிறதாம். "என்னையும் ஒருநாள் கழட்டிருவார் மகள்" என்று அவருடைய மனைவி என்னிடம் சிரித்துக்கொண்டே முறையிடுவார்.

களுதாவளையில் என் சித்தப்பாவின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது அவரைத்தான் சவுண்டுக்குப் பிடித்தேன். பின்னேரம், சாப்பாடு முடிந்து சனம் சோர்ந்திருந்த நேரம், எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழைய சினிமாப் பாட்டைப் போட்டார். இரண்டாவது அடியில் பாடகரின் குரல் இல்லாமல் போய்விட்டது. பேஸ் மட்டும் பந்தலை உலுப்பியது. சித்தப்பா ஓடிவந்தார்.

"என்னகா இது? பாடினவன் எங்க போயிட்டான்?"

"நிக்கட்டும் அண்ணன். இடம் விட்டிரிக்கு. நீங்க பாடுங்க."

சித்தப்பா அவரைத் திட்டத் தயாரானபோது, அடுப்படிப் பக்கமிருந்து ஒரு பெண் அந்த வரியைப் பாடினாள். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மற்றவர்களும் சேர்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தல் முழுக்கப் பாடியது. சித்தப்பாவும் பாடினார். குரலை எடுத்தவரோ மிக்சருக்கு முன்னால் குனிந்து, ஒரு விசையில் விரலை வைத்தபடி, தலை நிமிராமல் இருந்தார். அந்தப் பாட்டு இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் அடுப்படிப் பாட்டுத்தான்.

நான் எப்படிப்பட்டவள் என்பதை அவர் தெரிந்துகொண்டது கல்லடிப் பாலத்தடியில். ஆய்வுக்காக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, எங்கள் வாவிக்குள் பாடுவதாகச் சொல்லப்படும் மீனின் சத்தத்தைப் பதிவுசெய்ய ஆசைப்பட்டார். அங்கிள் தோணியிலிருந்து தண்ணீருக்குள் மைக்கை இறக்கினார். ஹெட்போனில் டிக் டிக் என்று ஏதோ கேட்டது. இது மீனா என்று அந்தப் பெண்மணி கேட்டார்.

"தெரியா" என்றார் அவர்.

நான் ஆங்கிலத்தில், "ஆம், மீன்தான், நிலாக் காலத்தில் இன்னும் அழகாகக் கேட்கும்" என்றேன். பெண்மணி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அங்கிள் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் அதிகம் வராது.

"நான் சொன்னது ஒரு சொல்லு. உன்ட வாயால நிறையச் சொல்லு வந்ததே புள்ள?"

"அவ சந்தோசப்படட்டும் எண்டுதான் அங்கிள்."

அவர் மைக்கின் வயரைச் சுற்றத் தொடங்கினார்.

அந்தப் பெண்மணிதான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். வெள்ளைக்காரனின் படைகளில் இருந்த ஆபிரிக்கச் சிப்பாய்களைப் பற்றித்தான் அவருடைய ஆய்வு. மொசாம்பிக் பக்கமிருந்து விலைக்கு வாங்கப்பட்டு, சீருடை மாட்டப்பட்டு, இங்கே கோட்டைகளில் காவலுக்கு நிறுத்தப்பட்டவர்கள். காப்பிரிகள் என்று எங்கள் ஊரில் சொல்வோம். படை கலைந்தபின் சிலர் பறங்கியரோடு கலந்து மறைந்துபோனார்கள். அங்கிளுடைய தாய்வழியில் அப்படி ஒருவர் இருந்தார் என்று அவர் வீட்டில் ஒரு கதை. பெயரும், படையில் கொட்டுக்காரன் என்பதும் மட்டும் அவர்களுடைய கத்தோலிக்கக் கோயிலின் பதிவுப் புத்தகத்தில் இருந்தன.

அவர் அதைப் பெருமையாகவோ வெட்கமாகவோ எடுக்கவில்லை. "எங்கட கொட்டுக்காரன்" என்பார், பக்கத்துத் தெருவில் இருக்கிற ஆளைப்போல. அவருடைய அக்காவுக்கு மட்டும் அது பிடிக்காது. ஆஸ்பத்திரியில் நீண்டகாலம் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஒல்லாந்துப் பரம்பரை என்று சொல்லிக்கொள்வார். தம்பி காப்பிரிக் கதையை எடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவார்.

எங்கள் நிறுவனத்துக்கு அந்த வருடம் "மறந்துபோனவர்களின் குரல்" என்ற தலைப்பில் உதவி கிடைத்திருந்தது. திட்டத்தை எழுதியது நான். வெள்ளைக்காரனிடம் அடிமைப்பட்டு வதைபட்ட சிப்பாய்களின் கதையை அவர்களுடைய வாரிசு டப் இசையில் சொல்வார் என்று எழுதியிருந்தேன். நிகழ்ச்சிக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அந்தப் பெண்மணி தன் நாட்டிலிருந்து ஒரு படம் அனுப்பினார். பழைய படைப் பதிவேட்டின் ஒரு பக்கம். அதில் அவர்களுடைய கொட்டுக்காரனின் பெயர் இருக்கிறது என்று எழுதியிருந்தார்.

எனக்கு அவசரம். முழுதாக வாசிக்காமலே அச்செடுத்துக்கொண்டு பட்டறைக்கு ஓடினேன். அங்கே அவர் இருந்தார், மனைவி இருந்தார், அன்றைக்கென்று அக்காவும் வந்திருந்தார். அவர் கைத் தூளைச் சாரத்தில் துடைத்துவிட்டு ஒரு பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வாசி புள்ள."

நான் மனதுக்குள் வாசித்தேன். ஆங்கிலத்தில் சாய்ந்த கையெழுத்து. ஒரு சிப்பாய் மூன்று நாளாகக் காணாமல் போயிருக்கிறான். வாவிக் கரையில் வைத்துப் பிடித்திருக்கிறார்கள். கையில் துணியில் கட்டிய அரிசி. ஒரு மீன்பிடிகாரனிடம், தன்னைத் தன் நாட்டுக்குத் தோணியில் கொண்டுபோய் விடும்படி கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். தண்டனை இருநூறு கசையடி. நூற்று நாற்பதில் வைத்தியர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் நாள் செத்துப்போனான். கடைசி வரியில், கசையடி கொடுத்தவர் என்ற இடத்தில், கொட்டுக்காரனின் பெயர் இருந்தது.

அந்தப் படைகளில் கசையடி கொடுப்பதும் கொட்டுக்காரர்களுடைய வேலை என்பது அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது.

மூன்று பேரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கேக் தட்டைக் கையில் வைத்திருந்தார். எனக்கு அவர்களின் முகம் ஞாபகமிருக்கிறது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அந்த நேரத்தில் நான் நினைத்தது நான் எழுதிக் கொடுத்த திட்டத்தை. அச்சடித்து முடிந்த அழைப்பிதழை.

"ஓடிப்போன சிப்பாய் ஒருத்தனுக்குக் கசையடி" என்றேன். "ஒவ்வொரு அடிக்கும் கொட்டு அடிக்கோணும் எண்டு இவருக்கு ஓடர். இவர் அடிக்க மாட்டன் எண்டு கோலக் கீழ வெச்சிட்டார்."

அக்கா தட்டைப் பலகையில் வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "எங்கட ஆளா?" என்றார். முதல் தடவையாக "எங்கட ஆள்" என்று சொன்னார்.

அங்கிள் தாளை வாங்கிப் பார்த்தார். "இவ்வளவு எழுத்து இரிக்கு. நீ சொன்னது ரெண்டு வரிதானே."

"மிச்சமெல்லாம் திகதியும் பட்டாளத்துப் பேரும் அங்கிள்."

தலையை ஆட்டிச் சிரித்தார். "பரவால்ல. நீயும் எடுக்கப் பழகிட்டாய்."

இன்றைக்கு நான் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர். நகரத்தில் சிறு அறை, ஒரு முத்திரை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விசாவுக்கான கடிதங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "மூலத்துக்கு அமைவான உண்மையான மொழிபெயர்ப்பு" என்று எழுதிக் கையொப்பம் வைக்கிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை. அவருடைய சிரிப்பு ஞாபகம் வராமல் ஒரு தடவைகூட எழுதியதில்லை.

நிகழ்ச்சிக்கு முந்தைய அந்த இரண்டு கிழமையும் அவர் பட்டறையைவிட்டு வெளியே வரவில்லை. கலியாண வீடுகளில் பறங்கியர் ஆடும் கப்ரிஞ்ஞா அடியை எடுத்து, அரைவாசி வேகத்துக்கு இறக்கி, படை நடை நடக்கவைத்தார். அதற்குக் கீழே பேஸ். எங்கோ தூரத்தில் அவருடைய மனைவி போர்த்துக்கீசில் செபம் சொல்லும் குரல், வந்துவந்து அறுந்துபோகும். ஐந்தாவது நிமிடத்தில் கொட்டு சட்டென்று நிற்கும். கடைசி அடியின் எதிரொலி மட்டும் அறை முழுக்கச் சுற்றிச் சுற்றி மெலிந்து, இனி இல்லை என்று நினைக்கும்போது இன்னொரு முறை வந்து போகும். பிறகு நீண்ட மௌனம்.

"அவன் கோலக் கீழ வெச்ச இடம்" என்றார் என்னிடம். "இதுல நான் ஒண்டும் போடல்ல. அவன் விட்ட இடத்த அப்பிடியே விட்டிரிக்கன்."

கோயில் மண்டபத்தில் அதைப் போட்டபோது சனம் அழுதது. அக்கா முன்வரிசையில் இருந்து, பக்கத்தில் இருந்தவர்களின் கையைப் பிடித்துப் பிடித்து "என்ட பூட்டன்" என்று சொன்னார். நானும் அழுதேன். அதுதான் இப்போது நினைக்க அருவருப்பாக இருக்கிறது. என் பொய்யைக் கேட்டு நானே அழுதேன்.

அந்தப் பதிவு இணையத்தில் போனது. எங்கெங்கோ இருந்தெல்லாம் கேட்டு எழுதினார்கள். மூன்று வருடம் நான் அந்தப் பெருமையில் பங்கு வாங்கிக்கொண்டு இருந்தேன். இதற்கிடையில் எங்கள் நிறுவனம் மூடப்பட்டது. கணினிகள் எங்கோ போயின. அந்தத் தாளும் படமும் அவற்றோடு போயின. நான் தேடவுமில்லை.

பிறகு கொழும்பில் ஒரு இசை விழாவுக்கு அவரைக் கூப்பிட்டார்கள். விழாப் புத்தகத்தில் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை அச்சடிக்க வேண்டும், கிடைக்காவிட்டால் ஆய்வாளரிடமே நேரே கேட்டுக்கொள்கிறோம் என்று எனக்கு எழுதினார்கள். அதனால்தான் நான் அவரிடம் போய்ச் சொன்னேன். மனம் திருந்திப் போகவில்லை. பிடிபடப் போகிறேன் என்ற பயத்தில் போனேன்.

காலை நேரம். அவர் ஒரு சவப்பெட்டிக்கு மூடி பொருத்திக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கையில் இருந்த உளியைக் கீழே வைத்தார்.

"முழுசாச் சொல்லு. அந்தத் தாளில இரிந்த மாதிரி."

ஞாபகத்தில் இருந்ததைச் சொன்னேன். அரிசி முடிச்சு, மீன்பிடிகாரன், நூற்று நாற்பது, ஐந்தாம் நாள். முடித்த பிறகு கேட்டார்.

"அடி வாங்கினவன்ட பேர் என்ன?"

நான் அதை எதிர்பார்த்திருக்கவில்லை. ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பார், அதற்குப் பதில் வைத்திருந்தேன்.

"ஞாபகம் இல்ல அங்கிள்."

"தாளில இரிந்ததா?"

"இரிந்தது."

"வாசிச்சியா?"

"வாசிச்சன்."

அவர் உளியை எடுத்துத் திரும்ப அதே இடத்தில் வைத்தார். "நான் அண்டைக்கே கேட்டிரிக்கோணும்" என்றார். "எங்கட ஆள் நல்லவன் எண்டு சொன்ன உடனே எனக்கு அது போதுமாப் போயிட்டு. மத்தவன மறந்திட்டன்." பிறகு என்னைப் பார்க்காமல், "அந்தப் பேர எடுத்துத் தா, புள்ள. வேற ஒண்டும் வேணாம்" என்றார்.

ஆய்வாளருக்கு எழுதினேன். பதில் இல்லை. பழைய முகவரி வேலை செய்யவில்லை என்று தெரிந்ததும், சொல்லப்போனால், கொஞ்சம் ஆறுதல்கூடப் பட்டேன். வேறு வழியில் தேடியிருக்கலாம். தேடவில்லை. அவர் கொழும்புக்குப் போகவில்லை.

கார்த்திகையில் மரித்த ஆத்துமாக்களின் நாள் வந்தது. திருப்பலி முடிந்து அதே மண்டபத்தில் அந்தப் பாட்டைப் போடப்போவதாகச் சொல்லி எல்லாரையும் வரச்சொல்லியிருந்தார். முன்வரிசையில் அக்காவும், அவருக்கு நான்கு கதிரை தள்ளி நானும் இருந்தோம். அவர் மிக்சரை விட்டு எழும்பி வந்து மைக்கைப் பிடித்தார். மேடையில் கதைத்து அவரை நான் கண்டதே இல்லை.

"நீங்க கேட்ட பாட்டில ஒரு பிழை இரிக்கு" என்றார். "கொட்டு நிண்ட இடம் எண்டு சொன்னன். கொட்டு நிக்கல்ல. எங்கட ஆள்தான் அடிச்சவன். தன்னோட வந்தவன, தன்ட பாஷை கதைச்சவன, நூத்தி நாப்பது தரம். அவன் அஞ்சாம் நாள் செத்தவன். அவன்ட பேர் எனக்குத் தெரியா. நான் பிழையா விளங்கிட்டன்."

அவ்வளவுதான். அவர் தன் இடத்துக்குப் போய் விசையைத் தட்டினார். இந்தத் தடவை ஐந்தாவது நிமிடத்தில் கொட்டு நிற்கவில்லை. பேஸ் போய்விட்டது, செபம் போய்விட்டது. கொட்டு மட்டும், ஒவ்வொரு அடியாக, எதிரொலி இல்லாமல் போய்க்கொண்டே இருந்தது. நான் எண்ணத் தொடங்கி முப்பதுக்கு மேல் எண்ண முடியாமல் விட்டேன்.

அறுபதோ எழுபதோ ஆகியிருக்கும், அக்கா எழும்பினார். கைப்பையை எடுத்துக்கொண்டு நடுவழியால் வெளியே போனார். அவரோடு இன்னும் சிலர் போனார்கள். கதிரைகள் இழுபடும் சத்தம் கொட்டோடு சேர்ந்து கேட்டது. "குடும்பத்தையே நாறடிச்சிட்டான்" என்று யாரோ சொல்லிக்கொண்டு போனார். நான் இருந்தேன். எழும்பி, பிழையாக விளங்கியது அவரல்ல என்று ஒரு வரி சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நூற்று நாற்பது அடி நேரம் இருந்தது.

மண்டபம் வெறுமையான பிறகு வயர் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"ஏன் அங்கிள் என்னைச் சொல்லல்ல?"

"உன்னைச் சொன்னா சனம் உன்னைப் பத்திக் கதைக்கும். ஊரெல்லாம் அதுதான் கதையா இரிக்கும். செத்தவனைப் பத்தி ஒருத்தனும் கதைக்க மாட்டான்." வயரை மடித்துப் பெட்டியில் போட்டார். "அதான் உன்னை எடுத்திட்டன்."

அதில் கோபம் இருந்ததா, மன்னிப்பு இருந்ததா என்று இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியவில்லை. அவர் பாட்டிலிருந்து எடுத்த எதையும் பிறகு திரும்பப் போட்டதில்லை என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகும் பட்டறைக்குப் போனால் தேத்தண்ணி தருவார். மனைவியைக் கூப்பிட்டுக் கதைக்க விடுவார். பாட்டு எதையும் எனக்குப் போட்டுக் காட்டவில்லை.

அக்கா அதன்பிறகு அவரோடு கதைக்கவேயில்லை. ஒரே தெரு, ஒரே கோயில். ஞாயிறுகளில் அவர் இடப்பக்கம் இருந்தால் அக்கா வலப்பக்கம் இருப்பார். பறங்கியர் வீட்டுக் கலியாணங்களுக்கு வேறு ஆட்கள் சவுண்ட் கட்டத் தொடங்கினார்கள். பெட்டிகள் மூலையில் தூசு பிடித்தன. அவர் அதைப்பற்றி ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை. சிறுநீரகம் பழுதாகி, போன வருடத்துக்கு முந்தைய வருடம் இறந்துபோனார். அடக்கத்துக்கு அக்கா வந்தார். கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே குடையோடு நின்றுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் நான் உண்மையாகத் தேடினேன். அந்தப் பெண்மணி படிப்பித்த இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அவருடைய மாணவி ஒருவரைப் பிடித்து எழுதினேன். நாலே நாளில் பதில் வந்தது, படத்தோடு. நாலு நாள் வேலையை நான் அவர் இருந்த அத்தனை வருடமும் செய்யாமல் இருந்திருக்கிறேன்.

அக்காவின் வீட்டுக்குப் போனேன். என்னை உட்காரச் சொன்னார். நான் மொழிபெயர்த்து எழுதிய தாளை எடுத்து, முதலில் நான் யார், என்ன செய்தேன் என்பதைச் சொன்னேன். பட்டறையில் கேக் தட்டோடு அவர் நின்ற நாளைச் சொன்னேன். பிழையாக விளங்கினேன் என்று தம்பி சொன்னது எனக்காக என்று சொன்னேன். பிறகு தாளை வாசித்தேன். முதல் வரியிலிருந்து, திகதியும் பட்டாளத்தின் பெயரும் உட்பட.

"பேர் என்ன?" என்று கேட்டார், நான் அந்த வரிக்கு வருமுன்பே.

"டொமிங்கோ. மூன்றாமவன்."

"மூன்றாமவன் எண்டா?"

"அந்தக் கூட்டத்தில டொமிங்கோ எண்டு நிறையப் பேர் இரிந்திரிக்காங்க அன்டி. வெள்ளைக்காரன் வெச்ச பேர். அடையாளத்துக்கு நம்பர் போட்டிரிக்கான்."

"டொமிங்கோ எண்டா ஞாயிறு" என்றார் அக்கா. வீட்டுப் பாஷை அவருக்குத் தெரியும். "அஞ்சாம் நாள் எண்டா புண் அழுகியிரிக்கும். காய்ச்சல் வந்திரிக்கும். குப்புறத்தான் படுக்க வெச்சிரிப்பாங்க." தாதியின் குரலில் சொன்னார். பிறகு அந்தக் குரல் உடைந்தது.

"நான் எழும்பிப் போகேக்க நீ அங்கதானே இரிந்தாய்?"

"ஓம் அன்டி. முன்வரிசையில."

அவர் தாளை என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்தார்.

"நீ எழும்பியிரிக்கோணும், மகள்" என்றார். "நான் இரிந்திரிக்கோணும்."